உன் அண்ணனின் குரலைக் கழற்றியவர்கள்

உன் படத்திலிருந்து உன் அண்ணனின் குரலை எடுத்துவிட்டு வேறொருவர் குரலை வைத்தார்கள். உன்னைக் கேட்கவில்லை. அவரையும் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் உயிரோடு, கூப்பிட்டால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தபோதே செய்தார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

சென்ற பௌர்ணமிப் போயா தினத்தன்று மத்தியானம் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு சரோஜாவின் தொலைக்காட்சி எப்போதும் சத்தமாகத்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையைப் போல ஒரு குரல். யாரோ என்று இருந்தேன். அதற்குள் சரோஜா கூப்பிட்டாள்.

"அக்கா, ஓடியாங்க. ஒங்க வீட்டுக்காரரு டிவியில பேசுறாரு."

ஈரக் கையோடு போய் நின்றேன். முகம் என் வீட்டுக்காரருடையதுதான், உன் அண்ணனுடையதுதான். புருவத்தில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு, ஒரு பக்கம் இறங்கிய தோள், எல்லாம் இருந்தது. வாய் திறந்தது. எண்ணெய்க் குரல் வந்தது. திரையின் அடியில் உன் பெயரும், மறைந்த இயக்குநரின் நினைவாக என்ற வரியும் ஓடிக்கொண்டிருந்தன.

"நல்ல கம்பீரமான பேச்சுக்கா அவருக்கு" என்றாள் சரோஜா.

அவள்மேல் குற்றமில்லை. அவர் காலமான பிறகு இந்தத் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். அவர் பேசி அவள் கேட்டதில்லை. இனி அவளுக்கு அதுதான் அவர் குரல். அவள் பிள்ளைகளுக்கும் அதுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோறு பொங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, பொங்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு இந்தத் தாளை எடுத்தேன். எழுத்தை நானாகப் பிடித்துக்கொண்டவள் நான். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உன் பெயரை மட்டும் எழுதமாட்டேன். அதை ஆளாளுக்கு எடுத்து வேண்டிய மட்டும் பயன்படுத்தியாயிற்று.

நீ பொம்மலாட்டக்காரனாக இருந்ததை இப்போது எல்லோரும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். பதுளையில் காணிவல் நடந்தபோது தென்கரையிலிருந்து ஒரு சிங்களப் பொம்மலாட்டக் கூட்டம் வந்திருந்தது. நீ மலை வேலைக்குப் போகாமல் தினமும் போய்ப் பார்த்தாய். திரும்பி வந்து, தேயிலைக்கு நிழலுக்கு நின்று காற்றில் விழுந்த முள்முருங்கை மரத்தைக் கேட்டு வாங்கிச் செதுக்க உட்கார்ந்தாய். முதல் பொம்மைக்குக் கழுத்தே இல்லை. "யாருய்யா இது, நம்ம ஆபீசு பெரிய கிளாக்கரா?" என்று உன் அண்ணன் கேட்டார். நீ கோபித்துக்கொண்டு இரண்டு நாள் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வந்து, "மதினி, பழைய சேலை ஒண்ணு குடுங்க. அம்மணமா நிக்கிறாரு கிளாக்கரு" என்றாய்.

கை உனக்கு வந்தது. பேச்சு வரவில்லை. பத்துப் பேர் முன்னால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பேச்சு உன் அண்ணனிடம் போயிற்று. நீ திரைக்குப் பின்னால் பலகை மேல் ஏறி நின்று நூலைப் பிடிப்பாய். அவர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையில் போட்ட ஒரு சின்ன ஓட்டை வழியாகச் சனங்களைப் பார்த்துப் பேசுவார். கங்காணிக்கு ஒரு குரல், தோட்டத்துத் தொரைக்கு ஒரு குரல், கொழுந்துக்காரப் பெண்ணுக்கு ஒரு குரல். பெண்குரலில் பேசும்போது என்னைத்தான் நக்கலடிக்கிறார் என்று எங்கள் வரிசை வீடுகள், லயம் முழுக்கத் தெரியும்.

மாரியம்மன் திருவிழாவில் ஒருமுறை நிஜக் கங்காணி முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மேலே நின்ற உனக்கு அது தெரியாது. பொம்மைக் கங்காணி திடீரென்று கதையை விட்டுவிட்டு, "வாங்க மாமா, ஏன் லேட்டு? இன்னைக்குப் பெரட்டுல ஒங்களுக்கு அரைப் பேருதான்" என்றது. சனம் உருண்டது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வேலைக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு அரைநாள் பேர் போடுகிறவரே அவர்தான். உன் கை அப்படியே நின்றுவிட்டது. கீழே இருந்து உன் அண்ணன் உன் காலைக் கிள்ளினார். அதற்குப் பிறகு இருவரும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டீர்கள். "குரல் முன்னால போகட்டும், கை பின்னால வரும்." அவர் என்ன பேசினாலும் நீ தொடர வேண்டும். அவர் பேசாமல் உன் பொம்மை விரலைக்கூட அசைக்காது.

இந்த ஒழுங்குதான் உன்னைப் பெரிய ஆளாக்கியது. இதே ஒழுங்குதான் நம்மைக் கெடுத்தது.

பதுளை டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் நீ வேலைக்குச் சேர்ந்தபோது, தோட்டத்தை விட்டுத் தப்பிக்கிறான் என்றார்கள். நீ தப்பிக்கவில்லை. ஞாயிறுதோறும் கடைக்காரரின் கேமராவோடு பஸ்ஸில் கொஸ்லந்தைக்கு, நம் தோட்டத்துக்கு வந்துவிடுவாய். சின்னச் சின்னப் படங்களாக எடுத்தாய். யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, கொழும்பில் ஒரு படக் கம்பெனி உன்னை நம்பி முழுப் படம் எடுக்கச் சொன்னது. அதில் தகப்பன் வேடத்துக்கு நடிகர் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். "எங்கண்ணன் இருக்காரு" என்று நீ சொல்லிவிட்டாய்.

முதல் நாள் எடுத்ததை எங்கள் வீட்டில் போட்டுக் காட்டினாய். கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். படம் ஓடியது. வகிடு தெரிந்தது, தலையில் மாட்டிய கூடைக் கயிறு தெரிந்தது, கை தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. மலையின் மேல்வரியில் கேமராவை வைத்துக் கீழே பார்த்தே எல்லாவற்றையும் எடுத்திருந்தாய்.

"என்னய்யா இது" என்றாள் முத்தம்மா. "எங்க தலையில பேனு பாக்கவா படம் எடுத்த? மூஞ்சி எங்க?"

நீ விழித்தாய். பிறகுதான் உனக்கே விளங்கிற்று. பொம்மைக்கு மேலே நின்றே பழகிய ஆள் நீ. அத்தனை வருஷமும் உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறாய்.

"எறங்கி வாடா" என்றார் உன் அண்ணன். "நான் ஒக்காந்திருந்த எடத்துல கேமராவ வையி. அங்க இருந்து பாத்தாத்தான் மனுசன் தெரியும்."

மறுநாள் நீ இறங்கி வந்தாய். உன் படத்தின் முகங்களைப் பற்றி இன்றைக்கு எழுதுகிறவர்கள் எங்கெங்கோ வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்கிறார்கள். அந்தக் கேமரா நின்ற இடம் உன் அண்ணனின் இடம்.

குரலையும் நீ அவர் வழியில்தான் எடுத்தாய். முதலில் பேச்சைப் பிடித்துக்கொள்வது. பிறகு அந்தப் பேச்சை மலையில் போட்டுவிட்டு, அதற்குத் தகுந்தபடி ஆட்களை நடக்கவும் வாய் அசைக்கவும் வைப்பது. கம்பெனிக்காரர்கள் இப்படி யாரும் எடுப்பதில்லை என்றார்கள். நீ கேட்கவில்லை. எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், சுவரெல்லாம் பாயும் கம்பளியும் தொங்கவிட்டாய். தகரத்தில் மழை விழுந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். உன் அண்ணன் மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மூடினார். திரும்பத் திரும்ப அப்படியே.

"என்னண்ணே?"

"மூஞ்சிக்கு முன்னால ஆளு இருந்தா வரலடா. திரை கட்டு."

என் நூல்சேலையை எடுத்துக் குறுக்கே கட்டினாய். சேலைக்கு அந்தப் பக்கம் அவர் பேசினார். இந்தப் பக்கம் நீயும் நானும். கதையில் மகள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறாள். தகப்பன் அவளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். நீ எழுதிக் கொடுத்த வசனத்தை அவர் விட்டுவிட்டார். லேசாக இருமினார். பிறகு தானாகச் சொன்னார்:

"போற எடத்துல எந்த ஊருன்னு கேப்பாங்க. தோட்டத்துப் பேரச் சொல்லு. பதுளைன்னு சொல்லித் தப்பிச்சுக்காத."

நீ என்னைப் பார்த்தாய். உன் கண் நிறைந்திருந்தது. தோட்டத்தான் என்று இளக்காரமாகப் பார்ப்பார்களே என்று நீயே எத்தனையோ முறை டவுனில் அப்படிச் சொல்லித் தப்பித்தவன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரோஜாவின் மூத்தவன் இன்று எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். வெள்ளைக்காரர்கள் ஊரைக் கேட்டால் எல்ல என்றுதான் சொல்கிறானாம். அந்த வார்த்தைக்கு இன்னும் வேலை இருக்கிறது. நீ இருமலைக்கூட வெட்டவில்லை. "அது இல்லாட்டி அண்ணன் இல்ல மதினி" என்றாய்.

படம் பதுளையில் திரையிடப்பட்ட அன்று லொறி பிடித்துப் போனோம். உன் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வாழ்நாளெல்லாம் திரைக்குப் பின்னால் இருந்த மனுஷன். அன்றைக்குத்தான் அவர் முகத்தைச் சனம் பார்க்கப்போகிறது. அவர் முகம் வந்ததும் நம் ஆட்கள் கை தட்டினார்கள். பிறகு அவர் பேசினார். கைதட்டல் அறுந்தது.

"என்னங்க, அண்ணனுக்குத் தொண்டை சரியில்லயா?" என்று முத்தம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டுமல்ல, படத்தில் எல்லோருமே வேறு குரலில் பேசினார்கள். முத்தம்மா சினிமாக் கதாநாயகி மாதிரிப் பேசினாள். மகள் புறப்படும் கட்டம் வந்தது. தகப்பன் சொன்னார்: "யாராவது உன் ஊர் எது என்று கேட்டால், பதுளை என்று பெருமையாகச் சொல், மகளே."

குரலை மட்டுமல்ல, சொன்னதையே தலைகீழாக்கிவிட்டார்கள். எதைச் சொல்லாதே என்றாரோ அதையே அவர் வாயால் சொல்ல வைத்தார்கள்.

நீ பின்கதவால் ஓடியது தெரிந்தது. படம் ஓட்டுகிறவரோடு சத்தம் போட்டாயாம். அவர் என்ன செய்வார். நீ முடித்துக் கொடுத்த படத்தைக் கம்பெனி உனக்குத் தெரியாமல் மாற்றியிருக்கிறது என்று நமக்கு அங்கே, எல்லோர் முன்னாலும்தான் தெரிந்தது. வெளியே வந்ததும் நீ அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டாய். அவர் உன்னைத் தூக்கிவிட்டார்.

"விடுடா. மூஞ்சி தெரிஞ்சிச்சில்ல."

உன்னிடம் அவ்வளவுதான் சொன்னார். லொறியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வெகு தூரம் வந்த பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இத்தன காலமும் நான் பொம்மைக்குப் பேசுனேன். இன்னைக்கு நான் பொம்மையா நின்னேன். எவனோ பேசுறான்." இதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே செத்திருப்பாய்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பொம்மைக்கும் பேசவில்லை. திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்றார். ஒன்றும் சரியில்லாமல் இல்லை. வீட்டில் என்னோடு நன்றாகத்தான் பேசினார். ஆனால் கங்காணி, தொரை, கொழுந்துக்காரி எல்லோரும் போய்விட்டார்கள். பின்பு அவரும் போனார். புகைப்படம் இருக்கிறது. சட்டை இருக்கிறது. குரல் மட்டும் எதிலும் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் யார் குரலைப் பிடித்து வைத்தோம்?

நீ கொழும்புக்கு எத்தனையோ முறை போனாய். தோட்டப் பேச்சு வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது என்றார்கள். உரிமை தங்களுடையது என்றார்கள். நீ வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி அழுதாய்.

"நான்தான் மதினி. நான்தான் பேச்சத் தனியா கழட்டி வச்சேன். சேத்து எடுத்திருந்தா உருவியிருக்க முடியாது."

"கொடியில துணி காயப் போட்டவ குத்தமா, உருவிட்டுப் போனவன் குத்தமா?" என்று கேட்டேன். சாகும்வரை அந்தக் குற்றத்தை நீயே சுமந்தாய். இதில் மட்டும் எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை. அடுத்தவன் செய்த அநியாயத்தை எடுத்து நம் தலையில் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் நம் சனத்துக்கு எங்கிருந்து வந்தது? கூடை சுமந்த தலை என்பதால் எதை வைத்தாலும் சுமக்குமா?

பிறகு நீ எடுத்த படங்களில் யாருமே பேசவில்லை. காற்று, மழை, தேயிலை அரைக்கும் ஸ்டோர் மெஷின் சத்தம், காலடி. அவ்வளவுதான். பரிசு கொடுத்தார்கள். மௌனத்தையே மொழியாக்கிய இயக்குநர் என்று எழுதினார்கள். பேராசிரியர் ஒருவர் வந்து, உன் மௌனத்துக்கு மலையின் தனிமை காரணமா என்று என்னிடம் கேட்டார். எங்கள் மலையில் தனிமையே கிடையாது, விடிந்தால் சத்தம்தான் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. நீ மௌனத்தை விரும்பியவன் இல்லை. இன்னொரு மனுஷனின் குரலை அவர்கள் கையில் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

பதுளை ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது உனக்கு மூச்சு வாங்கிற்று. கட்டிலின் ஓரத்தைத் தட்டி என்னைக் கிட்டே வரச் சொன்னாய்.

"மதினி, அண்ணன் பேசுனது இருக்கு. அழிக்கலயாம். அங்க வேல செஞ்ச ஒருத்தர் சொன்னாரு. கம்பெனியிலதான் எங்கேயோ கெடக்கு."

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"கேட்டு, இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?"

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நூல் பிடித்த தழும்பு விரல்களில் அப்படியே இருந்தது. நீ பயந்தது எனக்கு விளங்கியது. கேட்காதவரை அவர் எங்கேயோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று நீ வைத்துக்கொண்டாய். நான் அப்படி வைத்துக்கொள்ள முடியாதவள். என் புருஷன் என்ன சொன்னார் என்பதை ஊர் கேட்டாக வேண்டும்.

உன் கருமாதி முடிந்ததும் கம்பெனிக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது.

"அம்மா, அதெல்லாம் பழசு. தேடி எடுக்கணும். எடுத்தாலும் அதை யாரும்மா கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன்."

"உங்க ஒருத்தருக்காகவா?"

"என் ஒருத்தியோட வீட்டுக்காரரைத்தானே எடுத்தீங்க."

பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். இதுவரை சொல்லவில்லை. நான் எடுத்தால் இப்போது யாரும் எடுப்பதில்லை. பக்கத்தில் மீரியபெத்தத் தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடிய பிறகு எங்கள் மேட்டு லயத்தையும் ஆபத்து என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவர் பேசிய காம்பராவில் இன்று கூரை இல்லை. அந்தக் குரல் இருக்கக்கூடிய இடம் உலகத்திலேயே ஒன்றுதான் மிச்சம். அதையும் பழசு என்று ஒருநாள் வாரிக் கொட்டிவிட்டால் என்ன செய்வேன் என்பதுதான் என் பயம். அதனால் இனி தயவு கேட்கப்போவதில்லை. யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

படக் கம்பெனி அந்தப் பேச்சைத் தேடி எடுக்க வேண்டும். எடுத்து, படத்தில் நீ வைத்தபடியே திரும்ப வைக்க வேண்டும். தொலைந்துவிட்டது என்றால் யார் தொலைத்தார்கள், எப்போது தொலைத்தார்கள் என்று எழுத்தில் தர வேண்டும். வாயால் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

தொலைக்காட்சி அதுவரை இந்தப் படத்தைப் போடக்கூடாது. போட்டே தீர வேண்டுமென்றால், இதில் பேசுகிறவர்கள் இவர்கள் அல்ல என்று படத்துக்கு முன்னால் எழுதிக் காட்ட வேண்டும்.

உன் அண்ணனுக்காகப் பேசிய அந்தக் கலைஞர் யாரென்று எனக்குத் தெரியாது. கூலிக்குப் பேசினார். அவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் தகப்பன் சொன்னதைத் தலைகீழாக எழுதிக் கொடுத்தது யார் என்பதை அவர் சொல்ல வேண்டும்.

உன் மௌனத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் நிறுத்திவிட்டு, மௌனம் எப்படி வந்தது என்று எழுத வேண்டும்.

உன் பெட்டிக்கு மாலை போட்டு, டவுனில் சிலை வைப்போம் என்று மைக்கில் சொன்ன தலைவர்கள் சிலையை விட்டுவிட வேண்டும். எங்களோடு கொழும்புக்கு வந்து அந்தக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும்.

உன் மகள் அப்பாவின் வாரிசாக இதைக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய சண்டை எதற்கு பெரியம்மா என்று போனில் சொன்னாள். இது பழசில்லை மகளே, போன போயா தினத்தன்று மத்தியானம் நடந்தது.

முத்தம்மாவும் படத்தில் பேசி இன்றும் உயிரோடிருக்கிற மற்றவர்களும், பேச்சுக் கிடைத்த அன்றைக்கு வந்து உட்கார்ந்து, எது யார் குரல் என்று அடையாளம் காட்ட வேண்டும். நம்மை விட்டால் அதைச் சொல்ல ஆள் இல்லை.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதுவரை சாகாமல் இருக்க வேண்டும்.